சிங்கப்பூர் நேஷனல் கேலரிக்குப் போகிறீர்களா? எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்விகள்

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் முதல் நாள் மரினா பே, இரண்டாம் நாள் செந்தோசா, மூன்றாம் நாள் முஸ்தஃபா கடை. நாலாம் நாள் மழை பெய்தால்தான் "வேற என்ன இருக்கு?" என்ற கேள்வி வரும். அப்போது நான் தேசியக் கலைக்கூடத்தைச் சொல்வேன், அதாவது நேஷனல் கேலரி. சொன்னதும் கேள்விகள் வரிசை கட்டும். அலுவலகத்தில், அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, கல்யாண வீட்டில், வாட்ஸ்அப்பில் என்று எங்கே போனாலும் அதே கேள்விகள்தான். ஒரே பதிலை எத்தனை தடவை தட்டுவது? அதனால் கேட்டவர்களின் வாய்வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன். நான் கலை படித்தவனில்லை. அங்கே நிறைய தடவை போனவன், அவ்வளவுதான்.

"வாசல்ல பெரிய சிவப்பு மிளகாய் சிலை இருக்குமே, அதுதானே நேஷனல் கேலரி?"

இல்லை. மிளகாய் இருப்பது ஸ்டாம்ஃபர்ட் ரோட்டில் உள்ள தேசிய அரும்பொருளகம், அதாவது நேஷனல் மியூசியம். அது வரலாற்றுக்கான இடம். நேஷனல் கேலரி பாடாங் திடலுக்கு எதிரே, தூண்களோடு நிற்கும் இரண்டு பழைய வெள்ளைக் கட்டடங்கள். ஒன்று பழைய உச்ச நீதிமன்றம், இன்னொன்று நகர மண்டபம். இரண்டையும் கண்ணாடியும் உலோகமுமான ஒரு கூரையால் இணைத்து 2015 நவம்பரில் திறந்தார்கள்.

இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வருவதுதான், ஏனென்றால் இந்த ஊரில் இப்படிப்பட்ட இடங்கள் நிறைய. தாமரை வடிவத்தில் மரினா பேயில் இருப்பது ஆர்ட்சயின்ஸ் மியூசியம், அது வேறு. சிங்கப்பூர் ஆர்ட் மியூசியம் இன்னொன்று, இப்போது தஞ்சோங் பகார் டிஸ்ட்ரிபார்க்கில் சரக்குக் கிடங்குகளுக்கு நடுவே நடக்கிறது, இன்றைய கலைஞர்களின் படைப்புகளுக்கு அங்கே போங்கள். சோழர் காலத்து வெண்கலம் பார்க்க ஆசை என்றால் ஆற்றங்கரையில் உள்ள ஆசிய நாகரிக அரும்பொருளகம். நம்மவர்கள் இங்கே வந்த கதை வேண்டுமென்றால் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம். கிராப் வாடகைக் காரில் ஏறும்போது "மியூசியம்" என்று மட்டும் சொன்னால் எங்கே இறக்கிவிடுவார்களோ தெரியாது.

"எப்படிப் போறது? எத்தனை மணிக்குத் திறப்பாங்க?"

சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் பக்கமாக ஐந்து நிமிட நடை. காலை 10 மணியிலிருந்து இரவு 7 மணி வரை. கடைசி அரை மணி நேரத்தில் போய் நின்றால் உள்ளே விடமாட்டார்கள், விட்டாலும் பிரயோஜனமில்லை. வார நாளில் காலை 10 மணிக்கே போனால் சில அறைகளில் நீங்களும் பாதுகாவலரும் மட்டும்தான் இருப்பீர்கள். பள்ளி விடுமுறை சமயத்து ஞாயிறு பிற்பகலைத் தவிர்த்துவிடுங்கள்.

"உள்ள போக காசா? நான் எஸ் பாஸ்ல இருக்கேன், எனக்கு ஃப்ரீயா?"

குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொது நுழைவு இலவசம். அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், இலவசம் என்றாலும் சீட்டு வாங்கித்தான் போக வேண்டும். எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் போன்ற வேலை அனுமதி, சுற்றுலா விசா என்று எதில் இருந்தாலும் நீங்கள் இந்தக் கணக்கில் வெளிநாட்டவர்தான், டிக்கெட் உண்டு. நான் கடைசியாக ஊரிலிருந்து வந்தவர்களுக்கு எடுத்தபோது பெரியவருக்கு 20 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்குக் கிடையாது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் 60 வயது தாண்டியவர்களுக்கும் சலுகை விலை உண்டு, அதனால் அப்பா அம்மாவின் பாஸ்போர்ட்டையோ அதன் படத்தையோ கொண்டுபோங்கள். விலை மாறும், போகும் வாரத்தில் அவர்களுடைய தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சிறப்புக் கண்காட்சி என்றால் குடிமக்களுக்கும் காசுதான், ஆனால் வெளிநாட்டவரைவிடக் குறைவு. இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்த மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். "ஃப்ரீன்னு சொன்னியே!" என்று என்னைத் திட்டியவர்கள் உண்டு. நான் சொன்னது பொது நுழைவை.

"டிக்கெட் எடுக்காம சும்மா உள்ள போய் சுத்திப் பார்க்க முடியாதா?"

முடியும், தாராளமாக. ஓவியங்கள் இருக்கும் அறைகளுக்குத்தான் சீட்டு. கட்டடத்துக்குள் நுழையலாம், இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே மரம் மாதிரி கிளைவிட்டு நிற்கும் தூண்களைத் தலையை அண்ணாந்து பார்க்கலாம், மின்தூக்கியில் ஏறி மேல்தளத் தோட்டத்துக்குப் போகலாம். அங்கிருந்து பாடாங் திடலும் அதற்குப் பின்னால் மரினா பேயும் ஒரே பார்வையில் கிடைக்கும். காசு கொடுத்து ஏறும் இடங்களைவிட இந்தக் காட்சி எனக்குப் பிடிக்கும். தோட்டத்தில் சில வருடங்களில் ஒரு கலைஞரை அழைத்து ஏதாவது பெரிதாகச் செய்யச் சொல்வார்கள். 2018-இல் ரிர்க்ரிட் திராவனிஜா என்ற தாய்லாந்துக் கலைஞர் மூங்கிலால் ஒரு சுற்றுவழியே கட்டி, நடுவில் தேநீர்க் குடில் வைத்திருந்தார்.

இன்னொரு வழி, ஜனவரியில் நடக்கும் 'லைட் டு நைட்' விழா. இரவில் கட்டடத்தின் முகப்பு முழுக்க ஒளிப்படங்கள் ஓடும். திடலில் பாய் விரித்து உட்கார்ந்து பார்க்கலாம், பைசா செலவில்லை.

"ஓவியத்துல எனக்கு ஆர்வமே இல்லை. கட்டடத்துக்காகப் போகலாமா?"

போகலாம். நகர மண்டபம் 1929-இல் முடிந்தது, உச்ச நீதிமன்றம் 1939-இல். 1945 செப்டம்பர் 12 அன்று ஜப்பானியர்கள் பிரிட்டிஷ் தளபதி மவுண்ட்பேட்டனிடம் சரணடைந்து கையெழுத்திட்டது நகர மண்டபத்துக்குள் இருக்கும் பெரிய கூடத்தில்தான். 1959-இல் லீ குவான் இயூவும் அவருடைய அமைச்சர்களும் பதவி ஏற்றதும் அதே கூடத்தில். முகப்புப் படிக்கட்டில் இப்போது கல்யாண ஜோடிகள் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

நீதிமன்றப் பக்கம் இன்னும் சுவையானது. மரப்பலகை பதித்த பழைய விசாரணைக் கூடங்களை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓவியம் மாட்டியிருக்கிறார்கள். கைதிகளை வைத்திருந்த அறைகளில் சிலவற்றையும் எட்டிப் பார்க்கலாம். அடிக்கல் ஒன்று இருக்கிறது, அதற்குக் கீழே ஒரு காலப்பேழை, அதைத் திறக்க வேண்டிய வருடம் 3000. யார் திறப்பார்கள் என்பது அவர்கள் கவலை.

"எனக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கு. எதைப் பார்க்கறது?"

முதலில், முழுவதையும் பார்க்க நினைக்காதீர்கள். ஏறக்குறைய 64,000 சதுர மீட்டர் கட்டடம், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள் கொண்ட தேசியத் தொகுப்பு. காட்சியில் இருப்பது அதில் ஒரு பகுதிதான், அந்தப் பகுதியையே ஒரு நாளில் முடிக்க முடியாது. முடித்தே தீருவேன் என்று கிளம்பிய என் மைத்துனர் மூன்றாவது மாடியில் பெஞ்சில் தூங்கிப்போனார்.

ஒரு மணி நேரத்துக்கு என் கணக்கு: நேரே நீதிமன்றப் பக்கம் தென்கிழக்காசியக் கூடங்களுக்குப் போய் ராடன் சாலேயின் 'காட்டுத்தீ'யின் முன்னால் நில்லுங்கள். ஜாவா பிரபு குடும்பத்துப் பிள்ளை, ஐரோப்பாவில் பல வருடம் இருந்து வரைந்தவர், 1849-இல் முடித்து நெதர்லாந்து மன்னருக்குக் கொடுத்தது. மூன்று மீட்டர் உயரம், நாலு மீட்டர் அகலம். தீ பின்னால் விரட்ட, விலங்குகள் எல்லாம் மலை விளிம்புக்கு வந்துவிட்டன, அடுத்த அடி கிடையாது. புலிக்கும், அதைப் பார்த்தாலே ஓடும் விலங்குகளுக்கும் அந்த நேரத்தில் பகை இல்லை. கைப்பேசியில் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. நேரில் நின்றால் கழுத்தில் சூடு தெரியும்.

அப்புறம் அதே பக்கத்தில் ஹுவான் லூனா என்ற பிலிப்பைன்ஸ் ஓவியர் 1884-இல் வரைந்தது ஒன்று. ஸ்பெயின் என்ற பெண் பிலிப்பைன்ஸ் என்ற பெண்ணை அணைத்துப் படியேற்றிக் கூட்டிப்போகிறாள், இருவரின் முதுகும்தான் நமக்குத் தெரியும். பார்க்க அழகாக இருக்கும், யோசித்தால் எரிச்சல் வரும். நாமும் ஆளப்பட்டவர்கள்தானே. மீதி நேரத்துக்குப் பாலத்தைக் கடந்து நகர மண்டபப் பக்கம் வந்து சிங்கப்பூர்க் கூடத்தில் ஒரே ஒரு அறையில் இருங்கள். போதும்.

"நிரந்தரக் காட்சின்னு ஒண்ணு, சிறப்புக் கண்காட்சின்னு ஒண்ணு. என்ன வித்தியாசம்?"

நிரந்தரக் காட்சி அவர்கள் வீட்டுச் சாமான். சிங்கப்பூருக்கு ஒரு கூடம், தென்கிழக்காசியாவுக்கு ஒரு கூடம், இரண்டும் எப்போது போனாலும் இருக்கும். சிறப்புக் கண்காட்சி விருந்தாளி: வெளிநாட்டு அருங்காட்சியகங்களிலிருந்தும் தனியாரிடமிருந்தும் கடன் வாங்கி, ஒரு தலைப்பின் கீழ் சில மாதம் வைத்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவது. இதற்கென்று தனி அறைகள், பெரும்பாலும் நகர மண்டபப் பக்கம், மூன்றாம் தளத்தில்.

"நிரந்தரம்" என்ற சொல்லையும் ரொம்ப நம்பாதீர்கள், அதைப் பற்றிக் கீழே தனியாக ஒரு கேள்வி வருகிறது.

"சிறப்புக் கண்காட்சிக்குக் காசு கொடுக்கறது தகுமா?"

கண்காட்சியைப் பொறுத்தது. 2017-இல் ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமாவின் படைப்புகள் வந்தபோது புள்ளிகளும் பூசணிகளும் கண்ணாடி அறைகளும் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. அதே வருடக் கடைசியில் பாரிஸின் ஒர்சே அருங்காட்சியகத்திலிருந்து இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியங்கள் வந்தன, அதாவது ஒளி கண்ணில் படும் விதத்தைப் பிடிக்கப் பார்த்த 19-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாணி. 2025 நவம்பரில் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலிருந்து மறுபடி ஒரு இம்ப்ரெஷனிஸ்ட் தொகுப்பு, நூறுக்கும் மேல், அதில் அந்தப் பாணியின் பெரிய ஓவியரான மோனே வரைந்தவை மட்டும் பதினேழு. பாரிஸுக்கும் பாஸ்டனுக்கும் விமானச் சீட்டு எடுத்துப் போய்ப் பார்க்கப் போவதில்லை என்றால் இதெல்லாம் மலிவு.

ஆனால் எனக்குப் பெரிய பெயர்கள் இல்லாத கண்காட்சிகள்தான் அதிகம் ஒட்டியிருக்கின்றன. 2023-24-இல் 'டிராப்பிக்கல்' என்று ஒன்று, தென்கிழக்காசியாவையும் லத்தீன் அமெரிக்காவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். லீனா போ பார்டி என்ற பிரேசில் கட்டடக் கலைஞர் வடிவமைத்த கண்ணாடிச் சட்டங்களில் ஓவியங்களை அறையின் நடுவே நிறுத்தியிருந்தார்கள், சுவரே இல்லை. சுற்றிப் போய் ஓவியத்தின் முதுகைப் பார்க்கலாம். துணியின் பின்புறம், ஆணி, பழைய ஒட்டுச்சீட்டு எல்லாம் தெரிந்தது. 2025-இல் 'சிட்டி ஆஃப் அதர்ஸ்', 1920-கள் முதல் 1940-கள் வரை பாரிஸில் பிழைத்த ஆசியக் கலைஞர்கள் பற்றியது. பிழைக்கப் போன இடத்தில் அவர்கள் என்னென்ன வேலை செய்தார்கள் என்று பார்த்தபோது, தோபி காட் எம்ஆர்டி பக்கம் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர் கூட்டம் எனக்கு நினைவு வந்தது.

என் யோசனை: முதல் தடவை போகிறவர் சிறப்புக் கண்காட்சிக்காக மட்டும் போக வேண்டாம். கடன் வாங்கிய மோனேக்கள் திரும்பிப் போய்விடும், ஆனால் ராடன் சாலேயை வேறு எங்கே போய்ப் பார்ப்பீர்கள்? இரண்டும் சேர்ந்த டிக்கெட் பெரும்பாலும் இருக்கும், அதை எடுத்தால் காலையில் ஒன்று, சாப்பிட்டு வந்து இன்னொன்று. ஒரே மூச்சில் இரண்டையும் பார்த்தால் இரண்டாவது கண்ணில் ஏறாது.

"ஏன் மூணு நாலு மாசத்துல மூடிடறாங்க? இன்னும் கொஞ்ச நாள் வச்சா என்னவாம்?"

கடன் கொடுத்தவர் திருப்பிக் கேட்பார், முதல் காரணம் அதுதான். அங்கே அந்தச் சுவர் காலியாக இருக்கும், அதைப் பார்க்கவென்று போகிறவர்கள் ஏமாறுவார்கள். காப்பீடு நாள் கணக்கில் ஓடும். அப்புறம் வெளிச்சம். காகிதம், பட்டு, நீர்வண்ணம் எல்லாம் வெளிச்சத்தில் மங்கும், அப்படி மங்கியது திரும்பாது. அதனால் ஒரு படைப்பை வருடத்துக்கு இவ்வளவு நேரம்தான் வெளிச்சத்தில் வைக்கலாம் என்று கணக்கு வைத்திருப்பார்கள்.

ஒரு ஓவியம் பயணம் செய்வது லேசான காரியமில்லை. தனியாகச் செய்த மரப்பெட்டி, கூடவே ஒரு ஆள், இங்கே வந்ததும் பெட்டியை உடனே திறக்காமல் ஒரு நாளாவது அறையின் குளிருக்கும் ஈரப்பதத்துக்கும் பழகவிடுவார்கள். திறந்ததும் ஒவ்வொரு கீறலையும் குறித்துக்கொண்டு கையெழுத்து. திருப்பி அனுப்பும்போது அதே குறிப்பை வைத்துச் சரிபார்ப்பார்கள். வாடகை வீட்டைக் காலி செய்யும்போது சுவரில் இருக்கும் ஆணி ஓட்டையை எண்ணுவார்களே, அந்த மாதிரி.

"மார்ச்ல ஊர்லேர்ந்து வர்றாங்க. அப்போ ஏதாவது கண்காட்சி இருக்குமா?"

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் புத்திசாலிகள். ஒரு கண்காட்சி முடிந்து அடுத்தது திறப்பதற்குள் பல வாரம் அந்த அறைகள் பூட்டியிருக்கும். சுவரை இடித்து, புதுச் சுவர் எழுப்பி, வண்ணமடித்து, விளக்கு மாற்றி, முந்தின பதிலில் சொன்ன பெட்டிகளை எல்லாம் திறந்து மாட்ட வேண்டும். பெரிய கண்காட்சிகள் பல தடவை நவம்பரில் தொடங்கி பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் என்று போயிருக்கின்றன, இன்னொரு வரிசை ஏப்ரல் முதல் ஜூன் வரைக்குள் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இது சட்டமில்லை. விமானச் சீட்டு எடுக்கும் முன் அவர்கள் தளத்தில் தொடக்கத் தேதியையும் முடிவுத் தேதியையும் பாருங்கள்.

கடைசி வாரத்தில் போகாதீர்கள். "இன்னும் நாள் இருக்கே" என்று தள்ளிப் போட்ட ஊரே அந்த வாரத்தில்தான் வரும். குசாமாவுக்கு நான் அப்படித்தான் போய் வரிசையில் நின்றேன்.

"போன தடவை பார்த்த ஓவியம் இப்போ அங்க இல்லை. வித்துட்டாங்களா?"

விற்கவில்லை. ஓய்வெடுக்கிறது. மேலே சொன்ன வெளிச்சக் கணக்கு அவர்களுடைய சொந்தப் படைப்புகளுக்கும் பொருந்தும், முக்கியமாக மையிலும் காகிதத்திலும் செய்தவற்றுக்கு. சில சமயம் வேறு நாட்டுக்குக் கடனாகப் போயிருக்கும், சில சமயம் பழுது பார்க்கப் போயிருக்கும். பக்கத்தில் நிற்கும் ஊழியரைக் கேளுங்கள், சொல்வார்கள்.

இதைத் தாண்டி, கூடத்தையே மாற்றுவதும் உண்டு. சிங்கப்பூர்க் கூடத்தில் 2015 முதல் இருந்த காட்சியின் பெயர் 'சியாப்பா நாமா காமு', மலாயில் 'உன் பெயர் என்ன?'. சுவா மியா தீ 1959-இல் வரைந்த 'தேசிய மொழி வகுப்பு' ஓவியத்தில் கரும்பலகையில் எழுதியிருக்கும் கேள்வி அது. ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து மலாய் கற்கிறார்கள். பலகையில் இரண்டு கேள்விகள்: உன் பெயர் என்ன, எங்கே வசிக்கிறாய். வேலை அனுமதிச்சீட்டோடு இந்த ஊரில் இறங்கிய எவருக்கும் முதலில் காதில் விழும் கேள்விகள் இவைதான், அதனால் எனக்கு இந்த ஓவியத்தோடு கொஞ்சம் உறவு. அந்தக் காட்சியை எடுத்துவிட்டு 2025-இல் 'சிங்கப்பூர் ஸ்டோரீஸ்' என்ற பெயரில் புதிதாக அடுக்கினார்கள். முன்னே பார்த்தவர்கள் இன்னொரு தடவை போவதற்கு இதுவே காரணம் போதும்.

"உள்ள ஏன் இவ்வளவு குளிர்? சில ரூம்ல இருட்டா வேற இருக்கு."

குளிர் உங்களுக்காக இல்லை, ஓவியத்துக்காக. வெப்பமும் ஈரப்பதமும் ஏறி இறங்கினால் மரச்சட்டம் வளையும், வண்ணம் வெடிக்கும், பூஞ்சை வரும். வெளியே இருக்கும் ஈரக்காற்றை நினைத்தால் புரியும். இருட்டும் அதே கதைதான்: காகிதப் படைப்புகளுக்கு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்பது அருங்காட்சியகங்களின் பொதுக் கணக்கு, எண்ணெய் வண்ணத்துக்கு அதைப் போல மூன்று நான்கு மடங்கு. கண் பழக இரண்டு நிமிடம் கொடுங்கள். பெரியவர்களுக்கு ஒரு சால்வை.

"போட்டோ எடுக்கலாமா?"

பெரும்பாலும் எடுக்கலாம், ஃபிளாஷ் கூடாது, முக்காலியும் செல்ஃபி குச்சியும் கூடாது. சிறப்புக் கண்காட்சிகளில் கடன் கொடுத்தவர் வேண்டாம் என்று சொன்ன படைப்புக்குப் பக்கத்தில் கேமராவில் கோடு போட்ட சின்னக் குறி இருக்கும், அதை மதியுங்கள். வரைய ஆசைப்பட்டால் பென்சிலும் சின்ன நோட்டும் கொண்டுபோங்கள், பேனா வேண்டாம்.

தரையில் ஒரு கோடு இருக்கும். அதைத் தாண்டிக் கையை நீட்டி "இங்க பாரு" என்று காட்டினால் ஊழியர் ஓடி வருவார். நம்மவர்களுக்குத் தொட்டுப் பார்த்தால்தான் பார்த்த மாதிரி, என்ன செய்வது.

"பையோட விடுவாங்களா?"

தோளில் மாட்டும் சின்னப் பை சரி. முதுகுப்பை, நனைந்த குடை, முஸ்தஃபா பை எல்லாம் கீழே வைத்துவிட்டுத்தான் மேலே. தண்ணீர் பாட்டிலைக் கூடத்துக்குள் திறக்க வேண்டாம்.

"சின்னப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனா கத்தி மானத்தை வாங்கிடுவாங்களே?"

முதல் தளத்தில் கெப்பல் கலைக்கல்வி நிலையம் இருக்கிறது, பிள்ளைகள் தொட்டு விளையாடி வரைந்து வெட்டி ஒட்டுவதற்கென்றே கட்டியது. அங்கே முதலில் விட்டு ஆற்றலைக் கரைத்துவிட்டு அப்புறம் மேலே போங்கள். 2017 முதல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சிறுவர்களுக்கான பெரிய கலைவிழாவும் நடத்துகிறார்கள். ஓவியக் கூடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தால் அடங்குவார்கள். 'காட்டுத்தீ'யில் எத்தனை விலங்கு என்று எண்ணச் சொன்னேன், என் மகளுக்குக் கால் மணி நேரம் போனது. நானும் எண்ணினேன், எங்கள் எண்கள் ஒத்துப்போகவில்லை.

"அம்மாவுக்கு முட்டி வலி. நடக்க முடியுமா?"

மின்தூக்கி எல்லாத் தளத்துக்கும் உண்டு, சக்கர நாற்காலியில் போகலாம், உட்கார பெஞ்சுகள் உண்டு. சிக்கல் தூரம்தான். இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே மேலே பாலங்கள் இருக்கின்றன, அது தெரியாமல் கீழே இறங்கி மறுபடி ஏறுகிறவர்கள்தான் முட்டியைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அம்மாவோடு போனால் ஒரு கட்டடம் மட்டும், ஒன்றரை மணி நேரம். நுழையும்போதே வரைபடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

"தமிழங்க வரைஞ்சது ஏதாவது இருக்கா?"

இந்தக் கேள்வி வராமல் இருக்காது. நேர்மையாகச் சொன்னால், குறைவு. சிங்கப்பூர்க் கலை வரலாற்றை எழுதும்போது முதலில் வருவது 1952-இல் பாலித் தீவுக்குப் போன நான்கு சீன ஓவியர்கள்: லியூ காங், சென் சோங் சுவீ, சென் வென் ஷி, சியோங் சூ பியெங். சீன மையையும் பாரிஸ் பாணியையும் இந்த வெயிலில் கலந்தவர்கள் என்று அவர்களுக்குப் பெயர், 'நன்யாங் பாணி' என்பார்கள்.

ஆனால் 1988-இல் எஸ். சந்திரசேகரன், சல்லே ஜாப்பார், கோ ஈ சூ என்று மூன்று இளைஞர்கள் சேர்ந்து 'திரிமூர்த்தி' என்ற பெயரில் ஒரு கண்காட்சி நடத்தினார்கள். ஒரு இந்தியர், ஒரு மலாய்க்காரர், ஒரு சீனர், படைத்தல் காத்தல் அழித்தல் என்ற நம் கருத்தை வைத்து. மேலைநாட்டைப் பார்த்துச் செய்யாமல் இங்கே இருப்பதிலிருந்து தொடங்க முடியும் என்று காட்டியதால் சிங்கப்பூர்க் கலையைப் பற்றிய பேச்சில் அது இன்றைக்கும் வரும். இன்னொரு செய்தி: முதல் கேள்வியில் வந்த அந்த மிளகாயைச் செய்தவர் குமாரி நாகப்பன். சாங்கி விமான நிலையத்தில் இருக்கும் குன்றிமணி போன்ற பெரிய சிவப்பு விதையும் அவருடையதுதான். எல்லோரும் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார்கள், பெயரை யாரும் படிப்பதில்லை.

"மாடர்ன் ஆர்ட் ஒண்ணும் புரியலை. முட்டாள் மாதிரி இருக்கு."

எனக்கும் பாதி புரியாது. புரியாததற்கு முன்னால் நின்று தலையாட்ட வேண்டிய கட்டாயமில்லை, அடுத்ததுக்குப் போகலாம். ஆனால் பக்கத்தில் இருக்கும் சின்ன அட்டையைப் படித்தால் சில சமயம் கதவு திறக்கும். அட்டை ஆங்கிலத்தில் இருக்கும், பெரியவர்களுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒரு உதாரணம். தாங் டா வூ என்ற சிங்கப்பூர்க் கலைஞர் 1991-இல் செய்தது: கம்பிவலை மேல் வெள்ளைத்துணி சுற்றிய புலிகள், ஒரு ஆடும் நாற்காலி. முதலில் பார்த்தபோது கொலு பொம்மை மாதிரி இருந்தது. அப்புறம் தெரிந்தது, ஆண்மைக்கு மருந்து என்று புலியின் குறியை விற்றுக்கொண்டிருந்த வியாபாரத்தை எதிர்த்துச் செய்தது அது, சைனாடவுன் தெருவிலேயே போய் நடித்தும் காட்டியிருக்கிறார். அது தெரிந்தபின் அந்த வெள்ளைப் புலிகள் ஆவிகளாகத் தெரிந்தன. 'காட்டுத்தீ' புலிகளைப் பார்த்துவிட்டு இதைப் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். நடுவில் 142 வருடம் இருக்கிறது.

தன்னார்வ வழிகாட்டிகள் கூட்டிப்போகும் சுற்றுகளும் உண்டு, நேரத்தைத் தளத்தில் பாருங்கள். சொல்பவர் நன்றாக அமைந்தால் ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு ஓவியம்தான் பார்ப்பீர்கள், ஆனால் அந்த ஐந்தாறும் மறக்காது.

"மாமனார் மாமியாரோட போறேன். அந்த மாதிரி படமெல்லாம் இருக்குமா?"

இருக்கும். பாலி பற்றிய ஓவியங்களில் மேலாடை இல்லாத பெண்கள் வருவார்கள், நம் கோயில் தூண்களில் இருப்பதைவிட ஒன்றும் அதிகமில்லை. கொஞ்சம் கடுமையான படைப்பு என்றால் அறை வாசலிலேயே எச்சரிக்கை எழுதி வைப்பார்கள். என் மாமனார் சிரித்துக்கொண்டே நடந்துவிட்டார், நான்தான் நெளிந்தேன்.

"சாப்பாடு?"

உள்ளே இருக்கும் உணவகங்கள் நமக்கானவை இல்லை. அதில் ஒன்று மூன்று மிஷலின் நட்சத்திரம், அதாவது உணவகங்களுக்குக் கொடுக்கும் உச்சத் தரம் வாங்கியது, ஒரு வேளைச் சாப்பாட்டின் விலையில் ஊருக்கு ஒரு டிக்கெட் எடுத்துவிடலாம். ராஃபிள்ஸ் சிட்டி, ஃபுனான் என்ற கடைத்தொகுதிகள் இரண்டும் நடக்கும் தூரம், அங்கே சாதாரண விலையில் கிடைக்கும். இட்லி இல்லாமல் முடியாது என்பவர்கள் சிட்டி ஹாலில் ஏறி தோபி காட்டில் மாறினால் அடுத்த நிறுத்தம் லிட்டில் இந்தியா. மொத்தம் இரண்டே நிறுத்தம்.

"50 வெள்ளி நோட்டுல இருக்கிற ஓவியம் அங்கதான் இருக்காமே, உண்மையா?"

உண்மை. நோட்டைத் திருப்பிப் பாருங்கள். வீணை, கொம்பாங் என்ற மலாய் மேளம், பிப்பா என்ற சீன நரம்பு வாத்தியம், வயலின் என்று நான்கு வாத்தியங்கள் இருக்கும், கூடவே இரண்டு ஓவியங்கள். ஒன்றில் குரங்குகள், சென் வென் ஷி வரைந்தது. இன்னொன்று சியோங் சூ பியெங் 1978-இல் வரைந்த 'கருவாடு காயவைத்தல்', பாலிக்குப் போன நால்வரில் அவரும் ஒருவர் என்று மேலே சொன்னேனே. நேஷனல் கேலரியின் தொகுப்பில் இருப்பது இந்தக் கருவாடுதான். துணியில் மையும் வண்ணமும் கொண்டு வரைந்தது, அதனால் வெளிச்சக் கணக்குப்படி அதற்கும் ஓய்வு உண்டு. நீங்கள் போகும் நாளில் சுவரில் இருக்குமா என்று கீழே கேட்டுவிட்டுப் போங்கள்.

என் அப்பா கோட்டைப்பட்டினத்துப் பக்கம் கடலோரத்தில் வளர்ந்தவர். மற்ற அறைகளில் எல்லாம் "போலாமா, போலாமா" என்று அரித்துக்கொண்டே வந்தவர் இதன் முன்னால் நின்றுவிட்டார். நீண்ட கைகளும் நீண்ட கண்களுமாக அந்தப் பெண்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வாடைதான் அடிக்கல" என்றார். அப்புறம் 50 வெள்ளி நோட்டை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டு நோட்டையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே வரும்வரை நோட்டைத் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.